நீலக்கல் வந்தது, கிடங்கு என்ன ஆனது?

கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பஸ் நிற்கும்போது யன்னலால் எட்டிப் பாருங்கள், பிள்ளைகளே. காலி வீதியோரத்து நகைக்கடைக் கண்ணாடிக்குள் நீலக்கல் மோதிரங்கள் மின்னும். கல் ஒரு பயற்றங்கொட்டை அளவுதான் இருக்கும். அதைத் தேடி வெளியே அள்ளிய மண்ணோ ஒரு பெரிய மேடு. கல் கொழும்புக்கு வந்துவிட்டது. அந்த மண் எங்கே?

அதைப் பார்க்க இரத்தினபுரிக்குப் போகவேண்டும். அங்கே வயல்களுக்கு நடுவிலும் ஆற்றோரங்களிலும் கிணறுபோலக் கிடங்கு வெட்டுவார்கள். சுவர் இடிந்து விழாமல் மரக்கட்டைகளை அடுக்கி, இடுக்குகளில் பன்னச் செடிகளைத் திணிப்பார்கள். பன்னம் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை மட்டும் கசியவிடும். முதலில் கறுத்த மேல்மண் வரும், பிறகு களிமண், அதற்கும் கீழே சரளைக்கல். இரத்தினக்கல் கிடைக்கும் அந்தச் சரளைப் படைக்குச் சிங்களத்தில் 'இல்லம' என்று பெயர். நம் காதில் அது 'இல்லம்' என்றே விழுகிறது. கல் குடியிருக்கும் வீடு என்று நினைத்துக்கொண்டால் பெயர் மறக்காது.

சரளையைக் கூடையில் அள்ளித் தண்ணீரில் சுழற்றுவார்கள். நீலக்கல், அதே அளவு தண்ணீரைவிட 4 மடங்கு பாரமானது. சாதாரண வெண்கல் ஏறத்தாழ 2.6 மடங்குதான். அதனால் பாரமான கற்கள் கூடையின் அடியில் தங்கிவிடும், களிமண் தண்ணீரோடு கரைந்து ஓடும். கழுவிய அந்தச் சேற்றுத் தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டால் அது களு கங்கையைக் கலக்கிவிடும். மீன் முட்டைகள்மேல் சேறு படியும். நீர்ச்செடிகளுக்கு வெயில் எட்டாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி தோட்டத்து மண்ணும் தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். சிறுகல் உடனே விழும். மணல் ஒரு நிமிடத்துக்குள் படியும். களிமண் மட்டும் மறுநாள் காலையிலும் தண்ணீரை மங்கலாகவே வைத்திருக்கும், துணிக்கைகள் அவ்வளவு நுண்ணியவை. இப்போது புரிகிறதா, கழுவிய தண்ணீரை ஏன் முதலில் ஒரு குட்டையில் தேக்கவேண்டும் என்று? சேறு அடியில் படியும்வரை தண்ணீர் அங்கே அசையாமல் நிற்கவேண்டும். அவசரப்பட்டால் பயனில்லை.

பெரிய சுரங்கங்களில் இந்தச் சேறு மலைபோலச் சேரும். பிரேசிலில் புருமாடின்யோ என்ற ஊரில், இரும்புச் சுரங்கச் சேற்றைத் தேக்கிய அணை 2019 ஜனவரி 25ஆம் திகதி உடைந்து, ஏறத்தாழ 270 பேர் இறந்துபோனார்கள். எனக்கு இன்னும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. சேற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுத்து, ஈரமண்ணாக அடுக்கி இறுக்கிவைக்கும் முறை இப்போது பல சுரங்கங்களில் இருக்கிறது. அப்படி அடுக்கிய மண் வெள்ளமாகப் பாய்வது கடினம்.

நம் நாட்டில் கிடங்கு வெட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் கொடுப்பது தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை. அதன் தலைமை அலுவலகமும் கொள்ளுப்பிட்டி இருக்கும் இதே கொழும்பு 3இல்தான் இருக்கிறது! கிடங்கு வெட்டுபவர் முன்கூட்டியே வைப்புப் பணம் கட்டவேண்டும். கிடங்கை மூடி நிலத்தைச் சரிசெய்தால் அது திரும்பக் கிடைக்கும். நல்ல ஏற்பாடு இது. மூடாமல் விட்ட கிடங்கில் மழைத்தண்ணீர் தேங்கும், நுளம்பு முட்டையிடும். இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. அதற்கு முந்திய காலத்தில் கைவிட்ட இரத்தினக்கல் கிடங்குகளிலும் மலேரியா நுளம்பு பெருகியது.

மூடுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கடைசியில் வெளியே வந்தது முதலில் உள்ளே போகவேண்டும். சரளை அடியில், களிமண் நடுவில், மேல்மண் உச்சியில். மேல்மண்ணில்தான் மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் உக்கிய இலையும் இருக்கின்றன. அது களிமண்ணுக்கு அடியில் புதைந்துவிட்டால் மேலே பயிர் வாடும். அதனால் தோண்டும் முதல் நாளே மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைக்கவேண்டும்.

முற்றத்தில் ஒரு குழி தோண்டி அதே மண்ணால் மூடிப் பார்த்திருக்கிறீர்களா? மண் மிஞ்சும். இறுகிக் கிடந்தது இளகி இடையில் காற்றுப் புகுந்துவிடுவதால் அப்படி. எனவே வயல் கிடங்கை மூடும்போதும் கொஞ்சம் மேடாகவே விடவேண்டும். மழை பெய்யப் பெய்ய மேடு மெல்லத் தாழ்ந்து, பக்கத்து வயலின் மட்டத்துக்கு வரும். அப்போது நாற்று நடலாம்.