தண்ணீர் எங்கே போகிறது? பழைய பிக்கப் வாகனத்தின் சூட்டுக் கோளாறுகள்

லான்ட்மாஸ்ரர் பிடித்துப் பழகிய விவசாயிக்கு எஞ்சின் தண்ணீர் குடிப்பது ஒரு குறையாகத் தெரிவதில்லை. சீனத் தயாரிப்பான ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினின் மேலே ஒரு திறந்த தொட்டி இருக்கிறது. எஞ்சின் சூடேற அத்தொட்டித் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். சிவப்பு மிதவை இறங்கும். வாய்க்காலில் ஒரு வாளி அள்ளி ஊற்றிவிட்டு உழவைத் தொடரலாம். அந்த எஞ்சின் அவ்விதமே அமைக்கப்பட்டது. ஆவியாகும் தண்ணீர்தான் அதன் சூட்டையும் கொண்டு போகிறது.

பிக்கப் வாகனம் அப்படியல்ல. அதன் தண்ணீர் மூடிய வழியில் சுற்றி வருகிறது. எஞ்சினில் சூட்டை வாங்கி, றேடியேற்றரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் எஞ்சினுக்கே திரும்புகிறது. இதில் தண்ணீர் செலவாக இடமே இல்லை. ஆனால் நாம் லான்ட்மாஸ்ரர் பழக்கத்தில், "இது கொஞ்சம் தண்ணீர் குடிக்கிற வாகனம்" என்று பெயர் வைத்து, ஆசனத்துக்குப் பின்னால் இரண்டு கான் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓடுகிறோம். குறையும் தண்ணீர் எங்கோ போகிறது. எங்கே என்று தேடுவதுதான் திருத்த வேலையின் முதற்படி. ஊற்றிக்கொண்டே ஓடுவது திருத்த வேலையாகாது.

இதைச் சிறிய விடயமாக நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்பது வாங்கப்போனவர்களுக்குத் தெரியும். மீளக் குடியேறிய கிராமமொன்றின் மிளகாயும் கத்தரிக்காயும் தம்புள்ளைச் சந்தைக்குப் போவது ஒரேயொரு பிக்கப்பில் என்றால், அதன் எஞ்சின் கொதித்துப் பழுதாவது ஒரு வீட்டின் நட்டமல்ல.

1980களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் 2எல் டீசல் எஞ்சின் 2446 சீசீ கொள்ளளவுடையது. கட்டை இரும்பு, மேலே பூட்டியுள்ள சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவான சூட்டில் இவ்விரண்டும் ஒத்துப்போகும். ஒருமுறை கடுமையாகக் கொதித்தால் ஹெட் வளைந்துவிடும், அல்லது வால்வுகளுக்கிடையே வெடித்துவிடும். இவ்வகை எஞ்சினின் பெரிய பலவீனம் இதுவே. எரியும் டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தண்ணீருக்குள்தான் வந்து சேருகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அரைமணி நேரம் தண்ணீரில்லாமல் ஓடினால் என்ன நடக்கும் என்பது விளங்கும்.

எப்பொழுது சூடாகிறது?

கராஜுக்குப் போகுமுன் உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி இது. நின்றுகொண்டிருக்கும்போது சூடாகி, வீதியில் ஓடத் தொடங்கியதும் முள் இறங்குகிறதா? அப்படியானால் காற்றில்தான் குறை. ஓடும்போது வீதிக் காற்று போதும். நிற்கும்போது காற்றாடிதான் இழுக்க வேண்டும். பெல்ற் தளர்ந்திருக்கலாம். இரு சில்லுகளுக்கு நடுவே பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்தினால் 10 முதல் 13 மில்லிமீற்றர் வரை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் இறுக்குங்கள். காற்றாடியின் நடுவில் சிலிக்கன் எண்ணெய் அடைத்த குமிழ் உள்ள வாகனமாயின், எஞ்சினை நிறுத்திவிட்டு, நல்ல சூட்டில் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால் அதன் எண்ணெய் போய்விட்டது.

மாறாக, நிற்கும்போது ஒன்றுமில்லை, பாரத்தோடு வேகமாக ஓடும்போதோ ஏற்றம் ஏறும்போதோ சூடாகிறது என்றால், றேடியேற்றர் அடைபட்டிருக்கிறது. வெளியே வைக்கோல் தூசும் பூச்சியும் நிறைந்திருக்கலாம். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினால் தீரும். உள்ளே உப்புப் படிந்திருந்தால் அதற்கு வேறு வேலை. கீழ்க் குழாயையும் பாருங்கள். பழைய இறப்பர் மெலிந்து, எஞ்சின் வேகமெடுக்கும்போது பம்ப் இழுக்கும் இழுவையில் உட்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். நிறுத்திப் பார்த்தால் குழாய் ஒழுங்காகவே இருக்கும். பலரை ஏமாற்றும் கோளாறு இது.

ஸ்ராட் செய்து சில நிமிடங்களிலேயே முள் ஏறுகிறது, றேடியேற்றரின் மேற்குழாயோ குளிர்ந்திருக்கிறது என்றால் தேர்மோஸ்ரற் திறக்கவில்லை. இது எஞ்சின் வாயிலில் இருக்கும் மெழுகு அடைத்த சிறு கதவு; தண்ணீர் 82 பாகை அளவுக்குச் சூடானதும் மெழுகு விரிந்து கதவைத் திறக்கும். சந்தேகமானால் கழற்றி, சமையலுக்குப் பாவிக்காத பழைய சட்டியில் நூலில் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கொதி வருமுன்பே நன்றாகத் திறக்காவிட்டால் புதியது தேவை. "எங்கள் வெயிலுக்கு இது எதற்கு?" என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பரவலாக உண்டு. இதை நான் ஏற்பதில்லை. அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடி டீசலைத் தின்னும், ஒயில் கசடாகும். சில எஞ்சின்களில் அதே கதவுதான் குறுக்கு வழியையும் அடைக்கிறது. கழற்றிவிட்டால் தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமலே குறுக்கால் சுற்றி, சூடு இன்னும் கூடும்.

றேடியேற்றர் மூடியை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13 இறாத்தல் அமுக்கத்தை அது உள்ளே அடக்கி வைப்பதால், தண்ணீர் 120 பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சூடாகும்வரை கொதிக்காது. மூடியின் இறப்பர் வெடித்தால் தண்ணீர் 100 பாகையிலேயே கொதித்து வெளியே தள்ளும். எஞ்சினைப் பிரிக்குமுன் இந்த மூடியை மாற்றிப் பாருங்கள். முழு வாகனத்திலும் மலிவான உதிரிப்பாகங்களில் இதுவும் ஒன்று.

ஒரு துளியும் ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது என்பதுதான் பயப்பட வேண்டிய நிலை. காலையில் குளிர்ந்த எஞ்சினின் மூடியைத் திறந்து வைத்து ஸ்ராட் செய்யுங்கள். விடாமல் குமிழி வந்தால், அல்லது மூடியிட்டு ஓரிரு நிமிடங்களிலேயே மேற்குழாய் கல்லுப் போல இறுகினால், சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஹெட் கஸ்கற் போயிருக்கலாம், ஹெட்டே வெடித்திருக்கலாம். ஒயில் பார்க்கும் கம்பியில் பால்தேநீர் நிறம் தெரிந்தால் அந்த வாகனத்தை ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள்.

ஹீற்றர்

வன்னி வெயிலில் ஹீற்றரைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். குளிர்நாட்டவருக்காகப் பூட்டிய பொருள்தான். நம் நாட்டில் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றப்போகிறவர் விடியற்காலையில் அதன் அருமையை அறிவார். மற்றவர்களுக்கு அது இரண்டு வகையில் பயன்படும். முதலாவது, அது ஒரு குட்டி றேடியேற்றர். ஏற்றத்தில் முள் ஏறத் தொடங்கினால் ஹீற்றரை முழுதாகத் திறந்து, அதன் காற்றாடியையும் போடுங்கள். உள்ளிருப்பவர்கள் வியர்த்துக் கொட்டுவார்கள். எஞ்சினுக்குச் சற்று ஆறுதல் கிடைக்கும். இரண்டாவது, அது பொய் சொல்லாது. தண்ணீர் முழுதாக இறங்கிப்போனால், சூட்டு முள்ளின் உணரி வெறும் காற்றில் நின்று, முள் கீழே விழுந்துவிடும். சாரதி 'குளிர்ந்துவிட்டது' என்று மகிழ்ந்து மிதிப்பார். அந்நேரம் ஹீற்றரைத் திறந்தால் குளிர்ந்த காற்றுத்தான் வரும். உள்ளே தண்ணீர் இல்லை என்பதே அதன் பொருள்.

ஹீற்றரின் இரு குழாய்களையும் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் சூடென்றால் நல்லது. ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் அதன் கதவு திறக்கவில்லை, அல்லது உள்ளே அடைபட்டிருக்கிறது. கால் வைக்கும் இடம் நனைந்து, முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால் ஹீற்றர் ஒழுகுகிறது. புதியது கிடைக்கும்வரை இரு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு ஓடலாம்.

வீதியில் கொதித்தால்

ஓரமாக நிறுத்துங்கள். பெல்ற் அறுந்திருந்தால், அல்லது ஆவி கிளம்பினால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். மூடியில் கை வைக்க வேண்டாம். அமுக்கத்தோடு இருக்கும் தண்ணீர், மூடி திறந்த கணமே ஆவியாக வெடித்து முகத்தில் அடிக்கும். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலில் தள்ளி நிறுத்துங்கள். குறைந்தது அரைமணி நேரம் பொறுத்து, மேற்குழாய் கையால் அழுத்த மெத்தென்று இருந்தால், நனைந்த சாக்கைப் போட்டு முதல் பூட்டு வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பின் கழற்றுங்கள். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதே ஹெட்டை வெடிக்க வைக்கிறது. ஆறிய பின்பும், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகவே ஊற்ற வேண்டும். எவருக்காவது சுட்டுவிட்டால் 20 நிமிடங்கள் சாதாரணத் தண்ணீரை ஓடவிடுங்கள். பற்பசையும் எண்ணெயும் வேண்டாம். கொப்புளம் கிளம்பினால், அல்லது முகத்தில் பட்டிருந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள், முட்டை வெள்ளைக்கரு என்று கைவைத்தியம் பல உண்டு. வீடு வந்து சேர அவை உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே மஞ்சள் றேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைக்கும். வந்து சேர்ந்ததும் கழுவிவிட வேண்டும். பழைய செம்பு, பித்தளை றேடியேற்றராயின் பிரித்துச் சுரண்டி ஈயம் பற்றவைக்கலாம். பிளாஸ்ரிக் தொட்டி பூட்டிய புதிய வகையில் அந்த வசதி இல்லை.

எந்தத் தண்ணீர்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறும் தண்ணீரைத் தருபவை. தேநீருக்குச் சுடவைக்கும் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அதே படிவுதான் றேடியேற்றருக்குள்ளும் எஞ்சினின் தண்ணீர் வழிகளிலும் படிகிறது. சூடு வெளியேற அது விடாது. நாள்தோறும் அரை லீற்றர் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறவர் நாள்தோறும் கொஞ்சம் சுண்ணாம்பையும் ஊற்றுகிறார். மழைநீர் இதற்கு மிகச் சிறந்தது. முதல் மழை கூரைத் தூசைக் கழுவிப் போகட்டும். அடுத்த மழையைப் பிடித்து, துணியால் வடித்து, மூடி வையுங்கள். மழைநீர் மட்டும் ஊற்றினால் இரும்பில் துரு பிடிக்கும். ஆகையால் கூலன்ற்றைச் சரிபாதியாகக் கலப்பது நல்லது. உறைபனி இல்லாத நாட்டிலும் துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் அது வேண்டும். அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பானது, நஞ்சு. வடித்த கூலன்ற்றைப் பிள்ளைகளும் நாயும் ஆடும் எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம்.

இடப்பெயர்வின்போது விட்டுப்போய், வருடங்கள் கழிந்து மீட்ட வாகனங்களுக்கு ஒரு வார்த்தை. அப்படி நின்ற எஞ்சினில் தண்ணீர் ஊற்றி உடனே ஸ்ராட் செய்ய வேண்டாம். அடியிலுள்ள திருகைத் திறந்து பழைய தண்ணீரை வடியுங்கள். செங்காவி நிறமாக வருவது துரு. தேர்மோஸ்ரற்றைக் கழற்றி வைத்துவிட்டு, றேடியேற்றரின் கீழிருந்து மேலாகத் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். வெடித்த குழாய்களையும் பெல்ற்றையும் மாற்றி, தேர்மோஸ்ரற்றைப் பரிசோதித்துப் பூட்டுங்கள். பிறகு முன்சில்லுகள் உயர்ந்திருக்கும்படி வாகனத்தை ஒரு மேட்டில் நிறுத்தி, ஹீற்றரைத் திறந்து வைத்து, மூடியின்றி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நிரப்புங்கள். மேற்குழாய் சூடாகும்போது உள்ளே அடைபட்ட காற்று குமிழிகளாக வரும்; தண்ணீர் மட்டம் இறங்கும்; மீண்டும் நிரப்பி, குமிழி நின்றதும் மூடுங்கள். மறுநாள் காலை சற்றுக் குறைந்திருந்தால் அது எஞ்சியிருந்த காற்று, நிரப்பிவிடுங்கள். மூன்றாம் நாளும் குறைந்திருந்தால் அது காற்றல்ல, எங்கோ ஒழுகுகிறது. தேடத் தொடங்குங்கள்.