பிள்ளை கேட்கும் பெற்றோல் கார்

ரேடியோவால் ஓட்டும் கார் என்றதும் பற்றரி போட்டுத் தரையில் விடும் பிளாஸ்டிக் சாமான்தான் தாய்மாருக்கு நினைவு வரும். எச்.பி.ஐ. நிறுவனத்தின் பாஹா 5பி அந்த வகையல்ல. நிசக் காரின் ஐந்திலொரு பங்கு அளவு. நிறை பத்துக் கிலோ அளவில் வரும். உள்ளே 23 சீசீ டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். புல் வெட்டும் மெஷினைப் போலக் கயிற்றை இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

வெறும் பெற்றோல் இதற்கு ஆகாது. லீற்றருக்கு 40 மில்லிலீற்றர் டூ-ஸ்ட்ரோக் ஒயில் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் இறுகிவிடும். கலந்ததைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினியில் வைக்க, சகோதரிகளே, ஒருபோதும் இடங்கொடாதீர்கள்.

மணலில் ஓடி வந்தால் காற்று வடிகட்டியின் ஸ்பொஞ்சைச் சவர்க்கார நீரில் கழுவி, காயவைத்து, அதற்குரிய ஒயில் தடவிப் பூட்ட வேண்டும். பையன்மார் சோம்பற்படுவது இங்கேதான். தூசு உள்ளே போனால் சிலிண்டர் தேய்ந்து, புது எஞ்சினுக்குக் காசு தேட வேண்டி வரும்.

எல்லாவற்றிலும் பெரிய விடயம் காரை நிறுத்துவது. ரேடியோத் தொடர்பு அறுந்தால் வேகம் குறையாமலே கார் ஓடக்கூடும். பத்துக் கிலோப் பாரம் அப்படி வந்து ஒரு பிள்ளையின் காலில் மோதினால் எலும்பு தாங்குமா? அதற்காகவே ‘ஃபெயில்சேஃப்’ என்ற ஏற்பாடு: தொடர்பு அறுந்ததும் தானே பிரேக் பிடிக்கும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முன், வேகத்தைப் பாதி கூட்டிப் பிடித்தபடி கையிலுள்ள ரிமோட்டை அணைக்கச் சொல்லுங்கள். காரிலுள்ள நெம்பு பிரேக் பக்கம் திரும்பாவிட்டால் அன்று ஓட்டம் இல்லை. காரின் பற்றரி முற்றாக இறங்கினால் இந்த ஏற்பாடும் கைகொடாது. ஆகவே ஒவ்வொரு முறையும் சார்ஜ் பண்ணியே கொண்டுபோக வேண்டும். போடும்போது முதலில் ரிமோட், பிறகு கார். நிறுத்தும்போது எஞ்சின், கார், கடைசியாகத்தான் ரிமோட்.