அளவறிந்த காவல்

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் அருகே, மன்னார் வளைகுடாவில் கிடக்கும் குருசடைத் தீவில், கடல் வற்றிய வேளையில் ஆராய்ச்சியாளர் ஒரு பவளக்கல்லைப் புரட்டும்போது, வெற்றிலையின் கனம்கூட இல்லாத தட்டைப்புழு ஒன்று, உடலின் ஓரங்களை மடித்தும் விரித்தும், கல்லோடு ஒட்டியபடியே நழுவிச் செல்வதைக் காணலாம். பாலிகிளாட் இனத்தைச் சேர்ந்த இப்பிராணிக்கு வால்புறம் அறுபட்டால் மீண்டும் வளரும். ஆனால் மூளையை இழந்த பின்துண்டு பொதுவாகப் புதுத் தலையை உண்டாக்கிக்கொள்வதில்லை. நன்னீரில் வாழும் அதன் உறவினமான பிளனேரியாவோ இவ்வரம்பையும் கடந்தது: அதன் சரீரத்தில் 279-இல் ஒரு பங்கான துணுக்கும் முழுப்புழுவாக வளரும் என்று அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் ஹன்ட் மார்கன் 1898-ஆம் ஆண்டில் எழுதினார்.

எந்த அவயவமாகவும் மாறவல்ல நியோபிளாஸ்ட் என்னும் மூல உயிரணுக்களே இவ்வற்புதத்தின் ஆதாரம். ஆயினும், வெட்டுவாயில் கிருமிகளை எதிர்த்து நிற்கும் தற்காப்புச் சக்திக்கும் இந்த மறுவளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்னும் கேள்வி எஞ்சுகிறது. அமெரிக்காவின் ஸ்டவர்ஸ் ஆய்வு நிலையத்தார் 2016-இல் இதற்கு வியப்பான விடை கண்டனர். பிளனேரியாவுடன் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்து, தீயவை பெருகியபோது, புழுவின் தற்காப்புச் சக்தி பொங்கியெழுந்தது. அறுபட்ட பாகமோ வளரவில்லை. டாக்1 என்னும் புரதத்தில் தொடங்கும் எச்சரிக்கைத் தொடரை அடக்கியதும், தொற்று நீங்காதிருந்தபோதிலும், வளர்ச்சி மீண்டது!

அப்படியானால் தற்காப்பே வேண்டாவோ என்றால், அதுவுமன்று. ஆஸ்திரேலியாவில் 2013-இல் நடந்த சோதனையில், ஆக்ஸலாட்டில் என்னும் நீர்வாழ் பிராணியின் உடலிலிருந்து, கிருமிகளை விழுங்கும் மாக்ரோபேஜ் அணுக்களை நீக்கியபோது, வெட்டிய கால் முளைக்கவேயில்லை. இவ்வணுக்கள் பகைவரை மட்டும் விழுங்குவன அல்ல; சிதைந்த திசுக்களையும் அகற்றிப் புதியன தோன்ற இடம் செய்வன. ஆகவே காவல் இல்லாத இடத்திலும் கட்டுமானம் இல்லை. காவல் கட்டுமீறிய இடத்திலும் கட்டுமானம் இல்லை.

நம் கடற்கரையில் கடல் அட்டையும் ஆபத்தில் குடலை வெளியே தள்ளிவிட்டு, பின்னர் மெல்ல வளர்த்துக்கொள்ளும் பிராணியே. 2001 முதல் அதைப் பிடிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டிருப்பது நியாயமே. எனினும், பிராணியின் மீட்சி அதனோடு வாழும் நுண்ணுயிர்களையும் பொறுத்தது என்று பிளனேரியா காட்டியிருக்க, பிடிப்பவர் கையைத் தடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? அவை வாழும் நீரையும் மாசுபடாமல் காப்பதே முழுமையான பாதுகாப்பாகும்.