ஆகஸ்டுக்குப் பின் வரும் பிள்ளைகள்

கடந்த தை மாதத்தில் ஒரகடம் அருகே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். வருகைப் பதிவேட்டின் இறுதியில், அகர வரிசைக்குள் அடங்காமல் பேனாவால் எழுதப்பட்டிருந்த சில பெயர்களைத் தலைமையாசிரியை காட்டினார். ஒடிசாவிலிருந்து பெற்றோருடன் வந்த பிள்ளைகள். "சேர்த்துக்கொண்டேன், யார் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. ஆலைகளைத் தொடர்ந்து குடியிருப்புகளும் கிடங்குகளும் எழுந்தன. அவற்றைக் கட்டவும், சுற்றுவட்டாரச் சூளைகளில் செங்கல் அறுக்கவும் வெளிமாநிலக் குடும்பங்கள் வருகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னரே சூளை வேலை சூடுபிடிக்கும். ஆதலால் பிள்ளைகள் வருவதும் கல்வியாண்டின் நடுவில்தான்.

சட்டம் இவர்களுக்குக் கதவை அடைக்கவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி, வயதுச் சான்று இல்லையென்றோ, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறதென்றோ சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

சிக்கல் கதவைத் தாண்டிய பிறகு தொடங்குகிறது. தமிழக அரசுப் பள்ளிகளில் ஆகஸ்டு 1-ஆம் நாளின் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர் என்பது சட்டத்தின் அளவுகோல். ஆகஸ்டில் 55 பேர் இருந்த பள்ளியில் தை மாதம் 20 பேர் சேர்ந்தால், மூன்றாவது ஆசிரியர் தேவை. ஆனால், கணக்கு முடிந்துவிட்டது. ஐந்து வகுப்புகளையும் இருவரே சுமக்கும் இடத்தில், தமிழ் அறியாத பிள்ளைக்குத் தனியே அமர்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் ஏது? உள்ளூர் ஏழைப் பிள்ளையும் அதனால் இழக்கிறது.

நிறுவனங்கள் உதவவில்லையா எனலாம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் பெருநிறுவனங்கள், மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அதில் ஒன்று. அப்பணம் பெரும்பாலும் வண்ணச் சுவராகவும் கணினித் திரையாகவும் பள்ளிக்கு வருகிறது. அவற்றைக் குறை சொல்லவில்லை. பள்ளிக்கு வேண்டியது இன்னொரு மனிதர் என்பதே என் வாதம்.

செய்யக்கூடியவை எளியவை. இந்தப் பகுதிக்கு மட்டுமாவது சனவரியில் இரண்டாவது கணக்கெடுப்பு நடத்தலாம். எமிஸ் தளத்தில் நாள்தோறும் வருகை பதிவாகும் காலத்தில் அது பெரிய வேலையன்று. அதன்படி ஆறு மாதங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்தலாம். ஒடியாவும் இந்தியும் தமிழும் அறிந்த இளைஞர்கள் இந்தத் தொழிலாளர் குடியிருப்புகளிலேயே கிடைப்பர். அவர்களுக்கான மதிப்பூதியத்தை நிறுவனங்கள் ஏற்கலாம். சூளை ஓய்ந்து ஊர் திரும்பும் பிள்ளையிடம், எதுவரை கற்றது என்ற குறிப்பைக் கொடுத்தனுப்பலாம்.

உதிரிப் பாகம் ஒன்று நடு இரவில் வந்தாலும் பதிவு செய்து உரிய இடத்தில் சேர்க்கும் திறன் இத்தொழிற்பகுதிக்கு உண்டு. தை மாதத்தில் வரும் பிள்ளைக்கும் அந்தக் கவனம் கிடைக்க வேண்டும்.