கொக்கி மாட்டும் முன்னே

மும்பையில் இருந்து நாசிக் போகும் தேசிய நெடுஞ்சாலை. அதில் கசாரா மலைப்பாதை இருக்கிறது. வளைந்து வளைந்து போகும் பாதை. மழைக்காலத்தில் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும்.

அங்கே ஓர் இரவு நடப்பதாக வைத்துக்கொள்வோம். நாசிக் பக்கத்து விவசாயி ஒருவர் டெம்போவில் தக்காளி ஏற்றி வருகிறார். மனைவியும் கூட வருகிறார். விடியும் முன் மும்பைச் சந்தைக்குப் போக வேண்டும். மலைப்பாதையில் கிளட்ச் பிளேட் போய்விட்டது. வண்டி நகரவில்லை. கையில் பணமும் அதிகம் இல்லை.

இப்போது அவர்களுக்கு வேண்டியது ரெக்கவரி வண்டி. பழுதான வண்டியை இழுத்துப் போகும் வண்டி அது. அதை ஓட்டுபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கடையில் விலை பிடிக்காவிட்டால் நாம் அடுத்த கடைக்குப் போவோம். நடுவழியில் நிற்பவர் எங்கே போவார்? கேட்ட பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் இந்தத் தொழிலில் நேர்மைதான் முதல் சேவை.

போன் வந்ததும்

நல்ல ஓட்டுநர் முதலில் கேட்கும் கேள்வி, "யாருக்காவது அடிபட்டிருக்கிறதா?" என்பதுதான். அடிபட்டிருந்தால் உடனே 112 எண்ணுக்குப் போன் செய்யச் சொல்வார். பிறகு மற்றதைக் கேட்பார். எந்த இடம்? கிலோமீட்டர் கல்லில் என்ன எண்? என்ன வண்டி? சரக்கு இருக்கிறதா? எத்தனை பேர்?

வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றால் அப்படியே சொல்வார். "இதோ வந்துவிட்டேன்" என்று பொய் சொல்ல மாட்டார். தாமதமானால் அவரே மறுபடியும் போன் செய்வார். இருட்டில் நிற்பவருக்கு அந்தக் குரலே தைரியம்.

வரும் வரை என்ன செய்வது என்றும் சொல்வார். "வண்டிக்குள் உட்காராதீர்கள். சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். எல்லா இண்டிகேட்டரையும் மினுக்க விடுங்கள். சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். சக்கரத்துக்குக் கல் கொடுங்கள்." வண்டியை எடுத்த பிறகு அந்தக் கல்லையும் அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவருக்கு அது ஆபத்து.

கூலியை முதலில் சொல்லுங்கள்

கொக்கி மாட்டும் முன்னே கூலியைச் சொல்ல வேண்டும். வந்து போக எவ்வளவு? கிலோமீட்டருக்கு எவ்வளவு? இரவுக்குத் தனிக் கூலி உண்டா? சுங்கச்சாவடிக் கட்டணம் யாருடையது? எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக் கொடுப்பது நல்லது. வண்டியில் முன்பே உள்ள கீறல், நசுங்கல்களையும் அதில் எழுத வேண்டும். பிறகு சண்டை வராது.

வாங்குபவரும் சீட்டைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். எழுத்துக் கற்றவருக்கு இங்கேதான் படிப்பு கை கொடுக்கிறது.

வண்டிக்கு ஏற்ற முறை

எல்லா வண்டியையும் ஒரே மாதிரி இழுக்கக் கூடாது. முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கலாம். பேட்டரி கார், நான்கு சக்கரமும் இழுக்கும் கார் ஆகியவற்றை முழுவதும் மேடையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். லாரியின் முன்பக்கத்தைத் தூக்கினால் பின்சக்கரம் தரையில் சுழலும். கியர்பாக்ஸின் உள்பாகங்களும் சேர்ந்து சுழன்று, எண்ணெய் எட்டாமல் தேயும். அதனால் புரொப்பல்லர் ஷாப்ட்டைக் கழற்றிவிட்டு இழுப்பார்கள்.

எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். ஆகவே மலை இறக்கத்தில் கயிறு கட்டி இழுப்பது உயிருக்கே ஆபத்து. தூக்கிய வண்டிக்குள் யாரையும் உட்கார வைக்கக் கூடாது.

எந்தப் பட்டறைக்குப் போவது என்பதை வண்டிக்காரரே முடிவு செய்ய வேண்டும். கமிஷன் தரும் பட்டறைக்கு அவரை இழுத்துப் போகக் கூடாது.

தக்காளி என்ன ஆயிற்று?

அந்த விவசாயிக்கு நல்ல ஓட்டுநர் வாய்த்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வண்டியைப் பார்க்கும் முன் சரக்கைப் பற்றிக் கேட்கிறார். "டெம்போவைக் கசாராவில் பட்டறையில் விடலாம். தக்காளி காத்திருக்காது. வேறு டெம்போ வரச் சொல்லட்டுமா? அதற்கு இவ்வளவு ஆகும்" என்கிறார். கணவனும் மனைவியும் கணக்குப் பார்க்கிறார்கள். சரி என்கிறார்கள். கூடைகள் மாறுகின்றன. தக்காளி சந்தைக்குப் போகிறது.

ஓட்டுநருக்குக் கூலி கிடைத்தது. அதோடு அவருடைய எண் விவசாயியின் நோட்டில் ஏறியது. ஊரில் யார் வண்டி நின்றாலும் இனி அந்த எண்ணுக்குத்தான் போன் போகும்.

நினைவில் வையுங்கள்

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றாலோ விபத்து நடந்தாலோ 1033 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

பேசிப் பாருங்கள்

1. கூலியை முன்பே சொல்வதால் யாருக்கு லாபம்?
2. வழியில் நிற்கும்போது வண்டிக்குள் ஏன் உட்காரக் கூடாது?
3. உங்கள் தொழிலில் வாடிக்கையாளர் எப்போது மிகவும் தவிப்பார்? அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?