கடைக்கும் கிடங்குக்கும் இடையே ஒரு காப்புப் பாதை



மொத்த வியாபாரம் செய்யும் நம்மில் பலருக்குக் கடை ஓரிடம், கிடங்கு வேறிடம். கடைத்தெருவில் இடமும் போதாது, பகலில் லாரியும் நுழைய முடியாது. எனவே சரக்கை ஊருக்கு வெளியே இறக்குகிறோம். முன்பெல்லாம் கடையில் சிட்டை எழுதிப் பையன் கையில் கொடுத்தனுப்புவோம். அதைப் பார்த்துக் கிடங்கில் மூட்டை எடுத்துப் போடுவார்கள். மாலையில் இருப்பைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக் கொள்வோம். இப்போது இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கடையில் பத்து மூட்டை துவரம் பருப்புக்குப் பில் போட்டால், அப்போதே கிடங்கு இருப்பிலும் பத்து மூட்டை குறைய வேண்டும். அதற்கு இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டும்.

இரண்டையும் இணைப்பது சுலபம். எப்படி இணைக்கிறோம் என்பதில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டர்காரர் பார்த்துக் கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது. நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். எங்கள் கடையையும் கிடங்கையும் இணைத்தபோது பொறியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்து வைத்துக் கொண்டேன். அந்தக் குறிப்புகளே இந்தக் கட்டுரை.

திறந்து போட்ட கதவு

கடைக் கம்ப்யூட்டரைக் கிடங்கிலிருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னால், சிலர் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்து விடுவார்கள். ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டு' என்று ஒரு வசதி உண்டு. அதில் 3389 என்ற எண்ணைத் திறந்து விட்டால், எங்கிருந்தும் கடைக் கம்ப்யூட்டரின் திரையைத் திறக்கலாம். நமக்கும் மகிழ்ச்சி, அவருக்கும் கூலி.

ஆனால் அந்தக் கதவு நமக்கு மட்டும் திறந்ததல்ல, உலகம் முழுவதற்கும் திறந்தது. இன்டர்நெட்டில் இருக்கும் ஒவ்வொரு முகவரியையும் தட்டி, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதற்கே இயந்திரங்களை ஓட விட்டிருக்கிறார்கள். நம் கடை சிறியதா பெரியதா என்று அவை பார்ப்பதில்லை. கதவு திறந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். உள்ளே நுழைந்தவன் கணக்குக் கோப்புகளைப் பூட்டி வைத்துவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்பான்.

2017 மே மாதம் 'வன்னாக்ரை' என்ற கம்ப்யூட்டர் கிருமி சுமார் 150 நாடுகளில் இதைத்தான் செய்தது. ஒரு கம்ப்யூட்டரை விடுவிக்க 300 டாலர் கேட்டது. கோப்புகளைப் பகிர்ந்து கொள்ளும் 445 என்ற எண்ணின் வழியாகத்தான் அது பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள்.

நம் பேரேட்டில் என்னவெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த மில்லில் என்ன விலைக்குக் கொள்முதல், எந்தச் சில்லறைக் கடைக்கு எத்தனை நாள் தவணை, எல்லாம் அதில்தான். சரக்கு திருடு போனால் ஒரு லோடு போகும். பேரேடு போனால் வர வேண்டிய பாக்கியையே கேட்க முடியாது.

துண்டுக்குள் பேரம்

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடிக் கொள்வார். உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும், பேரம் நடக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு என்பது இருவருக்கு மட்டுமே தெரியும்.

வி.பி.என். சுரங்கப் பாதை என்பதும் இதுதான். கடை ரவுட்டரும் கிடங்கு ரவுட்டரும் பொதுவான இன்டர்நெட் வழியாகவே பேசுகின்றன. போகும் செய்தி முழுவதும் மறைமொழியாக மாற்றப்பட்டுப் போகிறது. நடுவில் பார்ப்பவனுக்கு ஏதோ போகிறது என்பது தெரியும், என்ன என்பது தெரியாது. வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் கிளைகளை இணைக்கத் தனி லைன் குத்தகைக்கு எடுத்த காலம் உண்டு. சிறு வியாபாரிக்கு அது கட்டாது. சாதாரண இன்டர்நெட் இணைப்பின் மேலேயே அதற்கு ஈடான ஒரு வழியை இந்த முறை அமைத்துத் தருகிறது.

இதற்குப் பரவலாகப் பயன்படுவது 'ஐபிசெக்' என்ற முறை. இதில் சாவி இரண்டு வகை. ஒன்று, இரண்டு ரவுட்டரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு கொள்ள நாம் கொடுக்கும் ரகசியச் சொல். மற்றொன்று, செய்தியை மறைக்க அவை தாமே உண்டாக்கிக் கொள்ளும் சாவி. இந்த இரண்டாவது சாவி வழியில் போவதே இல்லை. இரு பக்கமும் தனித்தனியே கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வருகின்றன. இந்தக் கணக்கை டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1976-ல் வெளியிட்டார்கள். குறித்த நேரத்துக்கு ஒரு முறை பழைய சாவி கழிந்து புதுச் சாவி வரும்.

முதலில் தேவையானவை

ஒன்று, ஏற்ற ரவுட்டர். இன்டர்நெட் கம்பெனி இணைப்போடு தரும் பெட்டிகள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. இரண்டு அலுவலகங்களை இணைக்கும் ஐபிசெக் வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி ரவுட்டராக இருந்தால் சிக்கல் குறைவு.

இரண்டு, ஒரு பக்கத்துக்காவது மாறாத முகவரி. இதை 'ஸ்டேடிக் ஐ.பி.' என்பார்கள். கடைக்கு நிலையான முகவரி இருந்தால் போதும், கிடங்கு ரவுட்டர் அதைத் தேடி வந்து சேர்ந்து கொள்ளும். ரவுட்டரின் வெளி முகவரி 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, அது பல வாடிக்கையாளர்களைக் கம்பெனி ஒன்றாக வைத்திருக்கும் உள் முகவரி. வெளியிலிருந்து அதைத் தேடி யாரும் வர முடியாது. இரண்டு பக்கமும் அப்படியே இருந்தால் இணைப்பு நிற்காது. முதலிலேயே கம்பெனியில் கேட்டு ஸ்டேடிக் ஐ.பி. வாங்கி விடுங்கள்.

மூன்று, இரண்டு இடத்துக்கும் வெவ்வேறு உள் எண்கள். பல ரவுட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே 192.168.1 என்ற எண் வரிசையோடு வரும். இரண்டு ஊரிலும் 12, பஜார் தெரு என்று விலாசம் இருந்து, ஊர்ப் பெயர் எழுதாமல் கடிதம் போட்டால் எங்கே போகும்? கடைக்கு 192.168.10, கிடங்குக்கு 192.168.20 என்று பிரித்து விட வேண்டும். இதை முதலில் செய்யாமல் மற்றதைத் தொடங்கினால் ஒரு நாள் வேலை வீண்.

அமைக்கும் முறை

கீழே சொல்பவை இரண்டு ரவுட்டரிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் இணையாது.

சாவி பரிமாறும் முறை ஐ.கே.இ. பதிப்பு 2. மறைமொழி ஏ.இ.எஸ். 256. சரிபார்ப்பு எஸ்.எச்.ஏ. 256. டிஃபி-ஹெல்மன் குழு 14 அல்லது அதற்கு மேல். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பொறியாளரிடம் கொடுத்து விடுங்கள்.

பட்டியலில் டி.இ.எஸ்., எம்.டி.5 போன்ற பழைய பெயர்களும் இருக்கும். அவற்றைத் தொட வேண்டாம். டி.இ.எஸ். பூட்டை 1998-லேயே அமெரிக்காவில் ஒரு தனி இயந்திரம் செய்து 56 மணி நேரத்தில் திறந்து காட்டி விட்டார்கள். பி.பி.டி.பி. என்ற பழைய வி.பி.என். முறையும் வேண்டாம். அதில் பயன்படும் பாஸ்வேர்டு முறை பலவீனமானது என்று 2012-ல் மைக்ரோசாப்ட் நிறுவனமே எச்சரித்தது. அமைப்பது சுலபம் என்பதற்காக அதைப் போட்டுக் கொடுப்பவர் உண்டு.

ரகசியச் சொல்லாகக் கடைப் பெயரையோ கைப்பேசி எண்ணையோ வைக்காதீர்கள். எழுத்தும் எண்ணும் குறிகளுமாக, பொருள் ஏதும் இல்லாத 24 எழுத்துக்குக் குறையாத ஒன்றை வையுங்கள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. தாளில் எழுதி நேரே கொண்டுபோய்க் கிடங்கு ரவுட்டரில் போட்டுவிட்டு, தாளைப் பெட்டகத்தில் வையுங்கள்.

அடுத்து, எந்த எண் வரிசைக்கும் எந்த எண் வரிசைக்கும் இடையே பாதை என்று குறிக்க வேண்டும். கடையில் 'நம்முடையது 10, எதிர்ப்பக்கம் 20' என்றும், கிடங்கில் 'நம்முடையது 20, எதிர்ப்பக்கம் 10' என்றும் இருக்க வேண்டும். கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரெதிராக இருப்பதே சரி.

யூ.டி.பி. 500, யூ.டி.பி. 4500 என்ற இரண்டு எண்கள் ரவுட்டருக்குத் திறந்திருக்க வேண்டும். பாதை வேலை செய்யத் தொடங்கியதும், பழைய 3389 கதவு இருந்தால் அன்றே மூடி விடுங்கள். புதுப் பூட்டு போட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்தால் என்ன பயன்?

எல்லாரையும் உள்ளே விடாதீர்கள்

பாதை போட்டாயிற்று என்று கிடங்கில் உள்ள எல்லாவற்றையும் கடைக்குள் விடக் கூடாது. கிடங்கில் பில் பார்க்கும் கம்ப்யூட்டர் ஒன்று மட்டும், கடைக் கணக்குக் கம்ப்யூட்டர் ஒன்றை மட்டும் பார்க்கட்டும். காமிரா, லாரி டிரைவர்களின் கைப்பேசி, வந்து போகிறவர்களின் வைஃபை ஆகியவை வேறு வரிசையில் இருக்கட்டும்.

டேலி போன்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் உள்ள கணக்குக் கோப்பைக் கிடங்கிலிருந்து நேரே திறந்தால் வேலை மிக மெதுவாகும். நடுவில் இணைப்பு அறுந்தால் கோப்பு கெடவும் கூடும். கோப்பு கடையிலேயே திறந்திருக்கட்டும், திரை மட்டும் சுரங்கப் பாதை வழியாகக் கிடங்குக்கு வரட்டும்.

இணையவில்லை என்றால்

இணைப்பே எழவில்லை என்றால் ரகசியச் சொல், வெளி முகவரி, மறைமொழி மூன்றையும் பாருங்கள். முதற்படி இணைந்து இரண்டாம் படியில் நின்றால், பத்து, இருபது என்ற வரிசைகள் எதிரெதிராகக் குறிக்கப்படவில்லை என்று பொருள். இரண்டு படியும் இணைந்து கம்ப்யூட்டர் மட்டும் பதில் தரவில்லை என்றால், அந்தக் கம்ப்யூட்டரின் ஃபயர்வால் வேற்று வரிசையைத் தடுக்கிறதா என்று பாருங்கள். சிறு செய்தி போய்ப் பெரிய கோப்பு மட்டும் நின்றால், மூட்டை பெரிதாக இருக்கிறது என்று பொருள். மறைமொழி உறை சுற்றுவதால் பொட்டலத்தின் அளவு கூடி விடுகிறது. எம்.டி.யூ. என்ற அளவை 1400-க்குக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை அவசியம். இரண்டு ரவுட்டரையும் அணைத்துப் போடுங்கள். யாரும் தொடாமல் பாதை தானே எழ வேண்டும். மின்வெட்டு வரும் நாளில் பொறியாளரைத் தேட முடியாது.

பாதை செய்யாதவை

கிடங்குக் கம்ப்யூட்டரில் கிருமி புகுந்தால், அது இந்தப் பாதை வழியாகவே கடைக்கும் வரலாம். திருடனுக்கு மூடிய வழி கிருமிக்கும் மூடியது என்று நினைக்க வேண்டாம். எனவே தினமும் கணக்கை ஒரு தனி டிஸ்கில் நகல் எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் கிருமி பூட்டும்.

ரவுட்டருக்கும் பராமரிப்பு உண்டு. 2018 மே மாதம், சிறு அலுவலகங்களிலும் வீடுகளிலும் இருந்த 5 லட்சம் ரவுட்டர்களுக்குக் குறையாமல் ஒரு கிருமி புகுந்திருப்பது 54 நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. ரவுட்டர் கம்பெனி வெளியிடும் திருத்தங்களை அவ்வப்போது போட வேண்டும். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். அதன் அமைப்புப் பக்கம் வெளியிலிருந்து திறக்காதபடி அடைத்து வைக்க வேண்டும்.

வி.பி.என். என்றாலே சட்டவிரோதமா என்று சிலர் கேட்கிறார்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் மாதம் பிறப்பித்த உத்தரவில், பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்க வேண்டும் என்றது. நிறுவனங்கள் தம் அலுவலகங்களுக்குள் பயன்படுத்தும் வி.பி.என்.-க்கு அந்த விதி பொருந்தாது என்று பின்னர் அதுவே விளக்கமும் தந்தது.

சாவி யாரிடம்?

கிடங்குக்குப் பூட்டு வாங்கினால் சாவியை ஆசாரியிடமே விட்டு வருவோமா? ஆனால் ரவுட்டரின் பாஸ்வேர்டு பொறியாளருக்கு மட்டுமே தெரிந்த கடைகள் எத்தனையோ. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஊர் மாறிப் போய்விட்டால், கைப்பேசி எண் மாறிவிட்டால், நம் கடைக்குள் நாமே நுழைய முடியாமல் நிற்போம்.

எனவே வேலை முடிந்து பணம் கொடுக்கும் முன் ஐந்து விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு ரவுட்டரின் பாஸ்வேர்டு, ரகசியச் சொல், வெளி முகவரி, உள் எண் வரிசை, அமைப்புகளின் நகல் கோப்பு. ஐந்தும் முதலாளியின் பெட்டகத்தில் இருக்க வேண்டும். விவரம் தெரிந்த ஊழியரோ பொறியாளரோ விலகினால், அன்றே பாஸ்வேர்டுகளையும் ரகசியச் சொல்லையும் மாற்றிவிட வேண்டும். மூட்டைக் கணக்கை மாதம் ஒரு முறை சரிபார்க்கும் நாம், இந்தக் கதவுகளையும் மாதம் ஒரு முறை சரிபார்த்தால் நம் பேரேடு நம்மிடமே இருக்கும்.