கம்மாலை பழகுதல்

கிளிநொச்சி நகரின் மேற்குப் புறத்தே, இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் உருத்திரபுரம் போன்ற ஊர்களில், மண்வெட்டியும் காட்டுக்கத்தியும் கோடரியும் வாய் மழுங்கினால் கொல்லருடைய கம்மாலைக்குப் போய்ப் புதுவாய் பெற்றுத் திரும்புவது நெடுங்கால வழக்கம். கடையில் புதிது வாங்குவது இலகுவாகிவிட்டபடியால் அவ்வழக்கம் தளர்ந்து வருகிறது. இந்த நாளிலே, குலத்தொழிலாக அன்றிச் சொந்த விருப்பம் ஒன்றையே காரணமாகக் கொண்டு, உலைமுன் நின்று இரும்பை வளைத்துப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை ஓர் இளைஞருக்கோ ஓய்வுபெற்ற உத்தியோகத்தருக்கோ உண்டாகுமாயின், அதனை நான் மனமார வரவேற்பேன். ஆனால் வன்னி மண்ணில் அந்த ஆசையை நிறைவேற்றப் புகுவோர், சம்மட்டியைக் கையில் எடுக்கு முன்பே தெளிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

உலை அமைப்பதற்குப் பெரும் பொருட்செலவு அவசியமன்று. ஒரு கூரையின் நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், மண்தரையைச் சிறிது அகழ்ந்து களிமண் பூசி, பக்கத்தே ஓர் இரும்புக் குழாயைப் பதித்துக் காற்றைச் செலுத்தினால் அதுவே உலையாகும். துருத்தி அகப்படாவிடின் தலைமயிர் உலர்த்தும் சிறு மின்கருவியே அந்த வேலைக்குப் போதும். சீமெந்துத் தரையின்மேல் மட்டும் உலை வைத்தல் ஆகாது. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகித் தரை வெடித்துத் தெறிக்கும். கரி, சிரட்டைக்கரியே சாலும். காட்டு மரத்தை வெட்டிக் கரி சுடுவதை நான் ஒருபோதும் ஆதரியேன். ஒருவருடைய பொழுதுபோக்குக்காகப் பாலையும் முதிரையும் விழ வேண்டியதில்லை. பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு உகந்தது. அதனைப் படுக்கையாக வைப்பதைக் காட்டிலும் மரக்குற்றியில் செங்குத்தாக நட்டு, வெட்டுமுகத்தின்மேல் அடிப்பது நன்று. அப்பொழுது அடியின் வேகத்தை முழு நீள இரும்பும் தாங்கிக்கொள்ளும். 1990ஆம் ஆண்டு வடக்குக்கான புகையிரத சேவை நின்றுபோன பின், இப்பகுதியின் தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரை தாங்கும் உத்திரங்களாயின என்பதையும், 2013ஆம் ஆண்டிலேதான் கிளிநொச்சிக்குப் புகையிரதம் மீண்டு வந்தது என்பதையும் அறிந்தவர்கள், அத்தகைய துண்டு ஒன்றை முறையாக விலைகொடுத்து வாங்கி, சமாதான காலத்துக் கருவிகளை அதன்மேல் வைத்து அடிக்கும்பொழுது உண்டாகும் உணர்ச்சியை நான் வருணிக்காமலே உணர்வார்கள்.

இனி, முதன்மையான விஷயத்துக்கு வருகிறேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாத இரும்பை உலையில் இடலாகாது. இந்த விதி உலகமெங்கும் உள்ள கொல்லர்களுக்குப் பொதுவானதாயினும், இங்கே அது உயிரைக் காக்கும் விதி. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் யுத்தம் இவ்வூர்களின் ஊடாகச் சென்றபொழுது மண்ணுக்குள் விட்டுச்சென்ற எறிகணைகளும் கண்ணிவெடிகளும், ஆண்டுக்கணக்காகப் பலர் முழந்தாளிட்டு அகற்றிய பின்னரும், முற்றாக நீங்கிவிட்டன என்று கொள்வதற்கில்லை. ஹலோ டிரஸ்ட் என்னும் நிறுவனம் 2002ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இந்த அகற்றும் பணியைச் செய்து வருகிறது. இலங்கை 2017ஆம் ஆண்டிலே கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. துருப்பிடித்து உருமாறிய ஒரு குண்டு, கண்ணுக்கு வெறும் குழாய்த்துண்டாகவே தோன்றும். அதனுள் இருக்கும் மருந்தோ துருப்பிடிப்பதில்லை. ஆகையால் வயலிலோ வாய்க்காலிலோ பற்றையிலோ கிடந்த இரும்பை, அது எவ்வளவு கனமானதாயினும், கருவி செய்வதற்கு என்று எடுக்கவே கூடாது. தொடாமல் விலகி நின்று, பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவிக்க வேண்டும். இரு புறமும் மூடிய குழாய், வாகனத்தின் அதிர்வுதாங்கி, வாயு உருளை ஆகியனவும் தீயிலே வெடிக்கக் கூடியன. துத்தநாகம் பூசிய குழாயும் தகரமும் வேறு விதத்தில் தீங்கு செய்யும்: ஏறத்தாழ 907 பாகையில் துத்தநாகம் கொதித்து எழுப்பும் வெண்புகையைச் சுவாசித்தவர், சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலுமாக நடுங்கிப் படுப்பார்.

முற்காலத்துக் கொல்லருக்கு இந்த ஐயங்கள் இல்லை. அவருடைய இரும்பு எந்த மண்ணில் பிறந்தது என்பதை அவர் அறிவார். பலாங்கொடைப் பிரதேசத்துச் சமனலவெவ மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகள் 7ஆம் நூற்றாண்டு தொடங்கி 11ஆம் நூற்றாண்டு வரை எரிந்தன. ஜில் ஜூலெப் என்னும் ஆராய்ச்சியாளர், அவ்வுலை ஒன்றைத் திரும்பக் கட்டி எரித்துக் காட்டி, அதில் உயர்ந்த உருக்கு விளைந்ததை 1996ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார். நம்மவரான ஆனந்த குமாரசுவாமியோ, இதற்கெல்லாம் முன்பே, கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராய் இருந்தபொழுது, அணையும் தறுவாயிலிருந்த நாட்டு இரும்புத் தொழிலை நேரிற் கண்டு எழுதி வைத்தார். இன்று நமக்குக் கிடைப்பது பிறர் கழித்த இரும்பு. அதிலே பிறப்பு நன்கு தெரிந்தது லொறியின் வில்லுத் தகடு: சுமார் 0.6 வீதம் கரியம் கலந்த உருக்கு அது. கத்திக்கும் உளிக்கும் அதைக்காட்டிலும் தகுந்தது இங்கே எளிதில் கிடையாது.

உலையின் சாஸ்திரம் நிறத்தில் இருக்கிறது. அதனாலேயே கம்மாலை இருட்டாக இருக்கிறது. வெயிலில் நிறம் ஏமாற்றும். மங்கிய சிவப்பில் அடித்தால் இரும்பு பிளக்கும். செம்மஞ்சளில், அதாவது சுமார் 1000 பாகையில், சொன்னபடி கேட்கும். வெண்மையேறிப் பொறி பறந்தால் அது எரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கத்திக்குத் தோய்ச்சல் கொடுப்பதற்குரிய பதத்தைக் கண்டுகொள்ள, கம்பியில் கட்டிய காந்தம் ஒன்று உதவும். சுமார் 770 பாகையில் இரும்பு காந்தத்துக்கு இணங்குவதை விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே சூடேற்றி எண்ணெயில் அமிழ்த்தினால் வாய் கடினமாகும். கடினமான அந்த வாய் கண்ணாடியைப் போல உடையும் சுபாவமுடையது. ஆகவே அதைத் துலக்கி, வைக்கோல் நிறம் படரும் வரை, ஏறத்தாழ 220 பாகைக்கு, மெல்லச் சூடுகாட்டி ஆறவிட வேண்டும். பருத்தி உடை, மூடிய சப்பாத்து, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் உலையை அணுகலாகாது. நைலோன் உடை பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆரம்பிப்பவர்கள் வாளைக் கனவு காண்கிறார்கள். முதலிற் செய்ய வேண்டியது கொக்கி என்பது என் உறுதியான அபிப்பிராயம். முனையைக் கூராக இழுத்தல், வளைத்தல், முறுக்குதல் என்னும் மூன்று வித்தைகளையும் ஒரு சாண் கம்பி கற்பித்துவிடும். அது பழுதாயினும் நட்டம் இல்லை. பின்னர் தாழ்ப்பாள், உளி என்று ஏறிப்போகலாம். தேய்ந்த மண்வெட்டி இலைக்கு வெண்காரம் தூவி உருக்குத் துண்டைத் தீயிலேயே ஒட்டவைக்கும் வித்தை, படித்து வருவதன்று. அந்த வெப்பத்துக்கும் எரிந்து கெடுவதற்கும் இடையே ஒரு நொடியே உண்டு, அந்த நொடியை அறிந்த கொல்லரின் பக்கத்தில் நின்று சம்மட்டி பிடித்தவருக்கே அது கைகூடும். அவருடைய கரிக்கும் நேரத்துக்கும் உரிய கூலியை, பொழுதுபோக்காகத்தானே வந்தோம் என்று எண்ணாமல், முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும். காலபோக விதைப்புக்கு முந்திய ஆவணி, புரட்டாதி மாதங்களில் அவருக்கு வேலை குவிந்திருக்கும். அக்காலத்தைத் தவிர்த்து, அரிவி வெட்டு முடிந்த பின் போய்க் கேட்பதே முறை.